தலைவர் பரிசோதித்த சீட்டு

மழையில் முயல் வீட்டுக் கூரை சரிந்து, குட்டிகள் நனைந்துகொண்டிருந்தன. அதுக்காகச் செவலைக்கோழி ஒரு குலுக்கல் வைத்தது. ஒரு பிடி வைக்கோல் தந்தால், அவரவர் அடையாளம் கீறிய ஆலிலைச் சீட்டு. பரிசு, பூசணிக்காய்.

பஞ்சாயத்துத் தலைவரான ஆடு வந்தது. "அனுமதி இல்லாமக் குலுக்குனா அது சூதாட்டம், தாயி. சீட்டையெல்லாம் எடு, பரிசோதிக்கணும்."

கோழி தயங்கித் தயங்கிச் சீட்டுகளை எடுத்து வைத்தது. குலுக்கல் நின்றால் வைக்கோலைத் திருப்பிக் கொடுக்கணுமே!

ஆடு ஒவ்வொரு சீட்டாகப் பார்த்தது, மோந்தது, மென்றது. ஏப்பம் விட்டபோது அணில் கீறிய இலை மட்டும்தான் மிச்சம்.

"நாங்க குலுக்கவே இல்லீங்களே, தலைவரே," என்றது கோழி மெதுவாக. "மிச்சமான சீட்டுக்குப் பரிசைக் குடுத்துடலாங்களா?"

ஆடு அசைபோட்டபடியே யோசித்தது. "சட்டப்படி சரிதான். அடுத்த தடவை கொஞ்சம் இளசான இலையாப் போடுங்க. பரிசோதிக்கச் சுலபமா இருக்கும்."