நாற்பது நாக்கு

"எங்க ஹரிசாவை ருசி பாக்கறவருக்கு நாலு வருஷமா ருசியே தெரியாது. அதனாலதான் எங்க சரக்கு இந்த நாபுல் ஊர்லயே ஒசத்தி!" என்றார் நஸீஹா, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

தட்டோடு உள்ளே வந்த ஜலீலா வாசலிலேயே நின்றுவிட்டாள். ஹரிசா என்கிற அந்த மிளகாய் விழுதின் அரவைக் கூடத்துக்கு மேஸ்திரி அவள். நாற்பது பெண்கள் நாலு வருஷமாகப் பொத்திப் பொத்திக் காத்த ரகசியம் அது. முதலாளியம்மாவுக்கு அது எப்படித் தெரிந்தது? தெரிந்ததுதான் தெரிந்தது, அதைப் போயும் போயும் இந்த ஆளிடமா போட்டு உடைப்பது?

இந்த ஆள் என்றால் மொன்ஸெஃப். கப்பல் சமையலறைகளுக்குச் சரக்கு எடுக்கும் கம்பெனிக்காகத் தலைநகரிலிருந்து வந்திருந்தார். மிளகாய் விழுதை நாக்கில் வைத்தால் போதும். மிளகாய் விளைந்த வயலையும், வயல்காரன் பெயரையும், பறித்த அன்று அவன் பெண்டாட்டியோடு சண்டை போட்டானா என்பதையும் சொல்லிவிடுவார் என்று துறைமுகம் பூராவும் பேச்சு. அவர் கையெழுத்துப் போட்டால் குளிர்காலம் முழுக்க அரவை ஓடும். போடாவிட்டால் மாதக் கடைசியில் கதவை இழுத்து மூட வேண்டியதுதான்.

ஜலீலா தட்டை மேசையில் வைத்தாள். சூடான ரொட்டி, மேலே ஆலிவ் எண்ணெய் மிதக்கும் ஹரிசா ஒரு கிண்ணம், பக்கத்து ஊர் கோர்பாவின் ஸ்ட்ராபெரி ஜாம் ஒரு கிண்ணம்.

வெளியே பஞ்சரான டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அவருடைய டிரைவர் ஜன்னல் வழியே அலறினான். "ஐயா! நான் வர்றதுக்குள்ள எதையும் வாயில வெச்சிடாதீங்க!"

'சரியான தின்னிப்பய' என்று நினைத்துக்கொண்டாள் ஜலீலா.

மொன்ஸெஃப் அதைக் காதில் வாங்கவேயில்லை. நஸீஹாவின் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் ரொட்டியைப் பிய்த்தார், தோய்த்தார், வாயில் போட்டார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

"காரம் இன்னும் கொஞ்சம் ஏறலாம்."

ஜலீலா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். இந்த ஹரிசாவின் நெடி பட்டால் ஒட்டகம் ஓவென்று அழும். எதிர்வீட்டுப் பூனை தும்மித் தும்மியே ஊரைவிட்டுப் போய்ச் சேர்ந்தது. இவர் மனிதரா, இரும்பா?

"ம், என்னமோ கதை விட்டீங்களே லல்லா, சொல்லுங்க," என்று ஊர் மரியாதைப்படி 'லல்லா' போட்டு அழைத்து, அடுத்த துண்டைத் தோய்த்தார்.

"கதையில்லீங்க. ருசி பாக்கற எங்க ஷெத்லி அண்ணனுக்கு நாப்பது நாள் காய்ச்சல். போறப்ப அது சும்மா போகல, நாக்கையும் மூக்கையும் கூட்டிக்கிட்டுப் போயிடுச்சு. வேலை போயிடுமேன்னு மனுஷன் மூச்சு விடல. ஆனா இந்தப் பொண்ணுங்க மோப்பம் பிடிச்சுட்டாங்க."

"உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

"என் மருமக சர்க்கரைன்னு நெனச்சு உப்பைப் போட்ட காபியை, 'பிரமாதம்'னு சொல்லி ரெண்டாவது கப் கேட்டாரே, அன்னிக்கு! நானும் வாயைத் திறக்கல. அவரைக் காப்பாத்த இதுங்க என்ன பண்ணுதுங்க தெரியுமா? பூண்டு உரிக்கிறவ ருசி பாக்கறா, அரைக்கிறவ ருசி பாக்கறா, டப்பா அடைக்கிறவகூட ஒரு வாய் பாக்கறா. குறையே இல்லாமத்தான் அவர் கரண்டிக்குப் போகுது. முன்னாடி எங்களுக்கு ஒரே நாக்கு. இப்ப நாப்பது!"

ஜலீலாவின் கண் கரித்தது. மிளகாயின் மேல் பழியைப் போட்டுத் துடைத்துக்கொண்டாள்.

"ருசி தெரியாத ஆள் ருசி பாப்பாராம், சுத்தி இருக்கறவங்க எல்லாம் தெரியாத மாதிரியே இருப்பாங்களாம். யார் காதுல பூ சுத்தறீங்க?" மொன்ஸெஃப் இன்னும் இரண்டு துண்டு தோய்த்து விழுங்கினார். "எதுக்கு வம்பு? அந்த ஆளை இன்னிக்கே அனுப்பிடுங்க. இங்கயே கையெழுத்துப் போடறேன்."

கதவோரம் நின்றிருந்த ஷெத்லி உள்ளே வந்தார். ஏப்ரனைக் கழற்றி, மடித்து, மேசையில் வைத்தார். "நான் போயிடறேன் லல்லா. ஒரு செத்த நாக்குக்காக நாப்பது வீட்டு அடுப்பு அணைய வேணாம்."

"அதை எடுத்துக் கட்டுங்க அண்ணே!" ஒற்றை அரவை மிஷினோடு ஆரம்பித்து நாற்பது பேருக்குச் சோறு போடுகிற பெண்மணி நஸீஹா; அவர் குரலுக்கு மிஷினே ஒரு கணம் நின்று ஓடியது. "இவர் போயிட்டா இதுங்க யாருக்காக ருசி பாக்கும்? கம்பெனியை மூடினாலும் மூடுவேன், இவரை அனுப்ப மாட்டேன். உங்க கையெழுத்தை நீங்களே வெச்சுக்குங்க."

மொன்ஸெஃப் பேனாவைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான், முடிந்தது. தட்டை எடுக்கக் குனிந்த ஜலீலா, குனிந்தபடியே நின்றாள்.

ஹரிசாவின் மேல் மிதந்த எண்ணெய் வட்டம்கூடக் கலையவில்லை. ஜாம் கிண்ணம்தான் கழுவி வைத்ததுபோலப் பளபளத்தது.

"ஐயா..." அவள் காலிக் கிண்ணத்தைக் காட்டினாள். "நீங்க காரம் பத்தலைன்னு சொன்னது... ஸ்ட்ராபெரி ஜாமுங்க."

மொன்ஸெஃப் கிண்ணத்தைப் பார்த்தார். ஷெத்லியைப் பார்த்தார். இரண்டு காதும் மிளகாய்ப் பழமாய்ச் சிவந்தன.

அந்த நேரம் பார்த்து, கிரீஸ் கையைச் சட்டையில் துடைத்தபடி டிரைவர் ஓடிவந்தான். யாரையும் கேட்காமல் ரொட்டியைப் பிய்த்து, ஹரிசாவில் முக்கி வாயில் திணித்தான். கண்ணிலும் மூக்கிலும் ஆறாகக் கொட்டியது. "அடேங்கப்பா! காரம் கச்சிதம்யா! பூண்டு மட்டும் ஒரு பல் தூக்கல்!" என்றான், சும்மா பேச்சுவாக்கில் சொல்வதுபோல.

மொன்ஸெஃப் அவனைப் பார்த்தார். பிறகு மெல்லப் பேனாவை எடுத்தார்.

"நம்பறேன் லல்லா. ஆறு வருஷமா இவன் ஏன் எனக்கு முந்தி முந்தி ருசி பாக்கறான்னு இப்பத்தான் புரியுது."