போடிக்கு ஒரே இடம்

போர்டுல போடிக்கு நேரா ஒண்ணுன்னு போட்டிருந்துச்சு.

அவ அதையே பார்த்துக்கிட்டு இருந்தா.

தாலுகா ஆபீஸ் டைப்பிஸ்ட் வேலை. ஹால்ல இருக்கிற எல்லாருக்கும் வேலை உறுதி. எந்த ஊருன்னுதான் இனி எடுக்கணும். ஒவ்வொருத்தரா கூப்பிடுவாங்க. எடுத்த ஊரு போர்டுலருந்து போயிடும்.

மார்க்குல அவதான் முதல்.

வீட்டுல பத்து மாசப் புள்ள. நேத்து பஸ் ஏறினதுலருந்து பால் கட்டி மாரு கல்லா கிடக்கு. போடின்னா மத்தியானம் ஓடிப்போய்ப் பால் குடுத்துட்டு வந்துடலாம். வேற ஊருன்னா புள்ளைய விட்டுட்டுத்தான் போகணும்.

மைக் கரகரத்துச்சு.

"முன்னாள் ராணுவத்தினர் முதல்ல வாங்க. செ. ராசாங்கம்."

பக்கத்து சேர்க்காரரு எந்திரிச்சாரு.

காலையிலருந்து அவகூடப் பேசிக்கிட்டு இருந்தவரு. போடி பக்கத்துல சிலமலை. பதினேழு வருஷம் பட்டாளம். மார்க்கு அவளைவிட நாப்பது கம்மி.

"படிச்சது நாம, பொறுக்குறது அவங்க"ன்னு பின்னாடி ஒருத்தன் முனகினான்.

"நீ போய் பனியில நின்னுட்டு வாயேன்டா"ன்னான் இன்னொருத்தன்.

முனகினவன் சொன்னதுதான் அவளுக்கு நியாயமாப் பட்டுச்சு.

ராசாங்கம் மேசைக்கு முன்னாடி போய் விறைப்பா நின்னாரு.

"எந்த ஊரு வேணும்?"னு ஆபீசர் கேட்டாரு.

"எங்க போகணும் சார்?"

"அதை நீங்கதான் சொல்லணும்."

அவருக்கு விளங்கல. போர்டைப் பார்த்தாரு. ஆபீசரைப் பார்த்தாரு.

"எங்க சொன்னாலும் போறேன் சார்."

ஹால் சிரிச்சுச்சு.

அவ சிரிக்கல.

பனிமலைன்னாங்க, போனாரு. பாலைவனம்னாங்க, போனாரு. பெட்டியைக் கட்டுன்னா கட்டினாரு. எங்க வேணும்னு பதினேழு வருஷத்துல ஒருத்தரும் கேட்டதில்ல.

"என் மவ இருக்காளே தங்கச்சி, லீவு முடியுற அன்னைக்குத்தான் என்கிட்ட ஒட்டுவா." காலையில அப்படிச் சொல்லிட்டுச் சிரிச்ச மனுஷன்.

கேட்டா கிடைக்கும்கிறதே தெரியாம நிக்கிறாரு.

அண்ணாந்து மலையைப் பாக்குற மாதிரி அவரைப் பார்த்தா.

"லேட் ஆகுதுங்க. நாங்களே ஒண்ணு போட்டுடவா?"

"போடுங்க சார்." சட்டுனு வந்துச்சு. நிம்மதியா வந்துச்சு.

ஆபீசர் விரல் பட்டியல்ல முதல் ஊருக்குப் போச்சு. அரக்கோணம்.

அவ சும்மா உக்காந்திருந்தா போதும். பட்டாளத்துக்காரரு இவரு ஒருத்தருதான், அடுத்து அவ பேருதான்.

பால் கட்டின மாரு விண்ணுன்னு தெறிச்சுச்சு. சேலையில ஈரம் பரவுச்சு.

எந்திரிச்சுட்டா.

"சார், அவரு ஊரு போடிப் பக்கம். அங்க ஒரு இடம் இருக்கு."



ராசாங்கம் திரும்பினாரு. அவளைப் பார்த்தாரு. புள்ளைக்கு எத்தனை பல்லு வந்திருக்குன்னு காலையில கேட்டவரு. எந்த ஊரும்மான்னு கேட்டு, போடின்னு தெரிஞ்சுக்கிட்டவரு.

மறுபடி போர்டைப் பார்த்தாரு. போடிக்கு நேரா இருந்த ஒண்ணை இப்பத்தான் படிச்சாரு.

"அப்ப போடி. சரிதானே?" ஆபீசர் பேனாவை எடுத்தாரு.

எது சொன்னாலும் உடனே சரி சார்ங்கிற மனுஷன்.

வாயைத் திறந்தாரு.

அந்த 'சரி சார்' மட்டும் வரல.