ராணியம்மாவின் பொறாமை

"கையை நீட்டுடி. நான் பார்க்கணும்."

மேக்கப் அக்கா அந்தக் குரலில் சொன்னால் தப்பிக்க வழியில்லை. கதாநாயகி கண்ணாடியைப் பார்த்தபடியே கையை இழுத்துக்கொண்டாள். அக்கா விடவில்லை. முழங்கைக்கு மேலே பழசும் புதுசுமாக நீலத் திட்டுகள்.

"கிள்ளின தடமாச்சே. யாருடி?"

"சுவத்துல இடிச்சுக்கிட்டேன்க்கா."

"சுவத்துக்கு எப்போ நகம் முளைச்சுது?"

"பெருசு பண்ணாதீங்கக்கா. அப்பா படுத்த படுக்கையா இருக்காரு. இந்த வேஷத்தை விட்டா எனக்கு வேற பொழைப்பு இல்ல."

யாரென்று அவள் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டாம். நாடகம் முழுக்க அவளை ஒட்டிக்கொண்டு நிற்பது ஒரே ஒருத்திதான். அம்மா வேஷம் போடும் ராணியம்மா.

ராணியம்மா என்பது பட்டப்பெயர். ஒரு காலத்தில் அரசி வேஷம் என்றால் அவர்தான். பிறகு வயது ஏறியது, வேஷம் இறங்கியது. இப்போது நேற்று வந்த பெண் நடு மேடையில் நிற்கிறாள். இவர் பின்னால் நின்று கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார். வயிறு எரியாதா? குழுவில் எல்லோருக்கும் இதே பேச்சுதான். ராணியம்மா உள்ளே வந்தால் மட்டும் வெயிலைப் பற்றிப் பேசுவார்கள்.

அன்றைக்கு மேக்கப் அக்கா பக்கத்திரை மறைவில் நின்று கவனித்தாள். மகளை அம்மா அணைத்துக்கொண்டு நிற்கும் உருக்கமான காட்சி. ராணியம்மாவின் விரல்கள் மெல்ல நகர்ந்து, நறுக்கென்று கிள்ளின. அந்தப் பெண் வலியை விழுங்கிக்கொண்டு வசனத்தைப் பேசினாள். சபை கைதட்டியது. அக்காவுக்கு ரத்தம் கொதித்தது.

நாடகம் முடிந்ததும் நேராக டைரக்டரிடம் போனாள்.

அவர் ஒப்பனை அறைக்கே வந்துவிட்டார். பின்னாலேயே பாதிக் குழு.

"என்னம்மா இது சின்னப்பிள்ளைத்தனமா? அந்தப் பொண்ணைக் கிள்றீங்களாமே?"

கதாநாயகி பதறி எழுந்தாள். "சார், அவங்க வந்து..."

ராணியம்மா குறுக்கே வந்து அவள் முகத்துக்கு நேராக நின்றார். "நீ வாயைத் திறக்காதே" என்றார். பிறகு டைரக்டர் பக்கம் திரும்பினார். "ஆமா, கிள்ளினேன்."

"ஏன்?"

"பொறாமைதான். நான் நின்ன இடத்துல இவ நிக்கிறா. பார்க்கச் சகிக்கல. போதுமா?"

மேக்கப் அக்காவுக்கே தூக்கிவாரிப்போட்டது. கொஞ்சமாவது மழுப்புவார் என்று நினைத்திருந்தாள். இவ்வளவு பச்சையாகவா ஒரு பொம்பளை ஒப்புக்கொள்வாள்?

"உங்க வயசுக்காக இதோட விடறேன். நாளையிலேர்ந்து வரவேண்டாம்" என்றார் டைரக்டர்.

ராணியம்மா சீப்பு, பவுடர் டப்பா, தேய்ந்த செருப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொண்டார். வாழ்நாளெல்லாம் மேடையிலேயே கிடந்தவருக்கு அவ்வளவுதான் மூட்டை. ஒருத்தரும் வாசல் வரைகூடப் போகவில்லை.

கதாநாயகி மூலையில் உட்கார்ந்து அழுதாள்.

"சனியன் ஒழிஞ்சுதுன்னு நினைச்சுக்கோ. இனிமே நிம்மதியா நடி" என்று அக்கா அவள் கண்ணைத் துடைத்துவிட்டாள். ஒரு நல்ல காரியம் செய்துவிட்ட திருப்தி அவளுக்கு.

அடுத்த முறை அதே நாடகம் போட்டபோது அம்மா வேஷத்துக்குப் புது ஆள். நமக்கு எதற்கு வம்பு என்று கதாநாயகி மேல் நிழல்கூடப் படாமல் தள்ளியே நின்றாள்.

அதே காட்சி வந்தது. மகள் சபையைப் பார்த்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் நாற்காலியில் அப்பா வேஷக்காரர்.

"நீ இந்த வீட்டை விட்டுப் போறியா, இருக்கியா?"

"போறேன்" என்று அவள் சொல்லவேண்டும். சொல்லவில்லை.

முதலில் சபை அதையும் நடிப்பு என்றே எடுத்துக்கொண்டது. அப்பா மறுபடி கேட்டார். அப்புறம் அதட்டிக் கேட்டார். அவள் அப்படியே நின்றாள். யாரோ சிரித்தார்கள். முன் வரிசைகளில் வாய்கள் சிரிப்பதைப் பார்த்து அவள் முகம் வெளிறியது.

பக்கத்திரையிலிருந்து அக்கா பொறுக்கமாட்டாமல், "போறேன்னு சொல்லித் தொலைடி" என்று கத்தினாள். அது கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. இப்போது சபை முழுக்கச் சிரித்தது.

அவள் அசையவேயில்லை. டைரக்டர் தலையில் கை வைத்துக்கொண்டு, திரையை இறக்கச் சொன்னார்.

அக்கா ஓடிப்போய் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினாள். "காது செவிடாடி உனக்கு?"

அவள் அக்காவின் உதடுகளையே பார்த்தாள். பிறகு மெதுவாகத் தலையாட்டினாள்.

"மழைக்காலத்துல ஜுரம் வந்து படுத்தேனே, அதுலயே போயிடுச்சுக்கா. எதிர்ல நின்னு பேசினா வாயசைவுல புரிஞ்சுக்குவேன். பின்னாடி இருந்து பேசினா தெரியாது. நான் பேசவேண்டிய நேரம் வந்தா ராணியம்மா கையைத் தொடுவாங்க. இந்தக் கனத்த உடுப்புக்கு மேலே தொட்டது எனக்குத் தெரியல. நறுக்குன்னு கிள்ளிடுங்கம்மான்னு நான்தான் கேட்டுக்கிட்டேன்."

அக்கா அவள் தோளிலிருந்து கையை எடுத்தாள்.

"அதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, பாவி. அந்தம்மா எதுக்காகப் பொறாமைன்னு பொய் சொன்னாங்க?"

"காது கேக்காதுன்னு தெரிஞ்சா எனக்கு வேஷம் போயிடும்னுதான். நான் அவங்க வீட்டுக்குப் போய் காலைப் பிடிச்சுக்கிட்டு அழுதேன்க்கா. ஏம்மா இப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"வேற எந்தக் காரணம் சொன்னாலும் நீங்கல்லாம் துருவித் துருவிக் கேப்பீங்களாம். பொறாமைன்னு சொன்னா மட்டும் உடனே நம்பிடுவீங்களாம்."