ஏழாவது எண்

“ஏழாவது நம்பரை எவனோ எடுக்கிறான்மா. எடுத்துட்டு வாயைத் திறக்க மாட்டேங்கிறான்!”

கைபேசியில் கத்திய மேனேஜருக்கு வியர்த்துக் கொட்டியது. மெத்தைக் கம்பெனியின் தொலைபேசி எண்கள் எல்லாம் சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் புதிய தொலைபேசி நிறுவனத்துக்கு மாறுகின்றன. பட்டியலில் இருந்தவை ஏழு. ஆறு எண்கள் எந்தெந்த மேஜையில் இருக்கின்றன என்று தெரியும். ஏழாவது எங்கே இருக்கிறது என்று நான்கு மாடியிலும் ஒருவருக்கும் தெரியவில்லை.

“வேண்டாத நம்பரை விட்டுடலாம் சார். பதினொன்றரைக்குள்ள சொல்லுங்க” என்றாள் புதிய நிறுவனத்துப் பெண். “மாறினதும் ஒவ்வொண்ணா அடிச்சுப் பாத்துக்குங்க.”

“அதை எங்க முதலாளி பாத்துப்பாரு. நான் பூட்டின பூட்டையே நாலு தடவை இழுத்துப் பாக்கிற மனுஷன் அவரு.”

மேனேஜர் மறுபடி ஏழாவது எண்ணை அழைத்தார். ‘கிளிக்.’ இரண்டு பெண்கள் யாருடைய மாமியாரையோ கிழிகிழி என்று கிழித்துக்கொண்டிருந்தார்கள். சுவாரசியமான இடத்தில் பேச்சு பட்டென்று நின்றது. இணைப்பு மட்டும் துண்டிக்கப்படவில்லை. அடுத்த முறை டிரைவரும் வாட்ச்மேனும் பேசினார்கள். அதுவும் பாதியில் நின்றது.

எவனோ எங்கேயோ போனை ஒளித்து வைத்திருக்கிறான்! மேனேஜர் நான்கு மாடியும் படியேறித் தேடினார். தொப்பையைக் கரைக்க எப்போதும் படியில்தான் ஏற வேண்டும் என்பது வீட்டம்மாவின் உத்தரவு. மெத்தைகளுக்கு அடியில்கூடக் கைவிட்டுத் துழாவினார். பஞ்சுதான் மூக்கில் ஏறியது.

மூச்சு வாங்க இடத்துக்கு வந்து மூன்றாம் முறை அழைத்தார். இம்முறை கேட்டது முதலாளியின் குரல்.

“நம்பர் மாத்துற வேலை இன்னிக்கோட முடியுது. அதுக்கப்புறம் நம்ம மேனேஜரை இந்த ஆபீஸ்ல வச்சுக்கப் போறதில்ல. அவரை…”

அவ்வளவுதான். பேச்சு நின்றுவிட்டது.

பதினெட்டு வருட உழைப்பு. மூத்தவள் கல்லூரியில் சேர்ந்து மூன்று மாதம்தான் ஆகிறது. இந்த வயதில் யார் வேலை கொடுப்பார்கள்?

கைபேசி ஒலித்தது. “சார், அந்த ஏழாவது நம்பரை விட்டுடலாமா?”

“ஐயோ, விட்டுடாதம்மா! அதுதான் ரொம்ப முக்கியம்.”

மிச்சத்தைக் கேட்காவிட்டால் தலையே வெடித்துவிடும் போலிருந்தது. உட்கார்ந்தார், எழுந்தார், ஜன்னலைத் திறந்தார், மூடினார். நடுநடுவே ஏழாவது எண்ணை அழைத்தார். வெறும் இரைச்சல்தான் கேட்டது. பன்னிரண்டு மணிக்கு அதுவும் அடங்கி, எல்லா எண்களும் ஊமையாயின.

அவர்கள் போகச் சொல்வதற்குமுன் நாமே போய்விட்டால் மரியாதையாவது மிஞ்சும். ராஜினாமாக் கடிதத்தை எழுதி முடித்தபோது முதலாளியே கைபேசியில் வந்தார்.

“நம்பரெல்லாம் மாறிடுச்சாமே? பட்டியல் என்கிட்ட இருக்கு, ஒவ்வொண்ணா அடிச்சுப் பாக்கிறேன். நீங்க மேல வாங்க, ஒரு விஷயம் பேசணும்.”

குரலில் என்ன ஒரு குழைவு! கழுத்தறுப்பவன் இப்படித்தான் பேசுவான்.

நான்கு மாடி ஏறக் காலில் தெம்பில்லை. அன்று முதன்முறையாக வீட்டம்மாவின் உத்தரவை மீறி மேனேஜர் லிஃப்டுக்குள் நுழைந்தார். கிழட்டு லிஃப்ட், முனகிக்கொண்டே ஊர்ந்தது. எங்கோ ‘கிளிக்’ என்றது. இருந்த ஆத்திரத்தில் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. தனியாகத்தானே இருக்கிறோம், முதலாளியிடம் நேருக்கு நேர் கேட்கப்போவதை ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“யோவ் முதலாளி! பதினெட்டு வருஷம் மாடா உழைச்சேன்யா. உன் மச்சான் ஆபீஸ்ல குறட்டை விடறான், அவனை அனுப்பத் துப்பில்ல, என்னை அனுப்ப வந்துட்டியா? பெரிய மன்மதன்னு நினைப்பு வேற. உன் தலையில இருக்கிறது டோப்பான்னு ஊருக்கே தெரியும்யா!”

மனசு லேசானது. இரண்டாவது மாடியில் கதவு திறந்து, தையல் பிரிவு அக்கா வாயெல்லாம் பல்லாக ஏறினார்.

“சார், இனிப்பு எங்க? புது ஷோரூமுக்கு உங்களைத்தான் தலைமையா போடப் போறாராமே! காலைல இதே லிஃப்ட்ல மேல வரும்போது முதலாளியே ஆரம்பிச்சாரு. என் மாடி வந்துடுச்சு, ஆனாலும் கூடவே இறங்கி மிச்சத்தையும் சொல்லிட்டுத்தான் போனாரு.”

மேனேஜருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடிதத்தைக் கசக்கிச் சட்டைப்பைக்குள் திணித்தார். கண் கலங்க, முதலாளி காலிலேயே விழுந்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அப்போது, லிஃப்ட் பொத்தான்களுக்கு மேலே ‘அவசர உதவி’ என்று எழுதியிருந்த இடத்தில், சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள்ளிருந்து முதலாளியின் குரல் வந்தது.

“ஏழாவது நம்பர் ரொம்பத் தெளிவா கேக்குது, மேனேஜர்.”