ஞாயிற்றுக்கிழமைச் சலவை

“ஓய்வுநாள்ல துணி காயப் போடறியா, எஃபி? வெட்கமா இல்ல?”

சபை மூப்பர் முர்டோவின் குரல் காற்றையும் மீறிக் கேட்டது. ஆராதனை முடிந்து வந்த நாங்கள் ஏழெட்டுப் பேர் வேடிக்கை பார்க்க அவர் பின்னால் நின்றோம்.

எங்கள் தீவில் ஞாயிற்றுக்கிழமை கடவுளுக்கான ஓய்வுநாள்; காற்றைத் தவிர வேறெதுவும் வேலை செய்யாது. எஃபியோ ஆராதனைக்கே வரவில்லை. வீட்டுக்குப் பின்னால், பாறை முனைக் கலங்கரை விளக்கத்துக்குப் போகும் பாதையின் குறுக்கே கயிறு கட்டி, போர்வை, மேஜை விரிப்பு, செத்துப்போன புருஷனின் சிவப்புக் கம்பளிக் கால்சட்டை என்று வீட்டையே காலி செய்து தொங்கவிட்டிருந்தாள். அதுவும் இந்தப் பனிமூட்டத்தில்! எது காயும்?

“மூப்பரே, நான் சொல்றதைக் கொஞ்சம்...”

“ஒண்ணும் சொல்ல வேணாம். இப்பவே அவுத்துடு. இல்லேன்னா அடுத்த கூட்டத்துல உன் பேரைச் சபையிலேர்ந்து எடுத்துடுவேன்!”

எஃபியின் முகம் வாடிப்போனது. புருஷன் போனபிறகு அவளுக்கு அந்தச் சபைதான் எல்லாம்.

“பேரை எடுத்துக்குங்க. கயித்தைத் தொடாதீங்க, ஏன்னா...”

அப்போது மூட்டத்துக்குள்ளிருந்து பாட்டுச் சத்தம். புத்தாண்டு விடுமுறையில் கடலோரம் நடக்க வந்து ஊர் விடுதியில் தங்கியிருந்த ஆறு பேர். கோடையை விட்டுவிட்டுக் குளிரில் வந்து நனைகிற பைத்தியங்கள். எங்களுக்கு அவர்களை ரொம்பப் பிடிக்கும்.

முன்னால் வந்த தாடிக்காரர் சிவப்புக் கால்சட்டையைப் பார்த்ததும் வெடித்துச் சிரித்தார்.

“அடேயப்பா, யாரோடதுங்க இது? கலங்கரை விளக்கத்துக்கு இப்படித்தானே போகணும்?” என்றபடி போர்வையைத் தூக்கிக் குனிந்தார்.

“ஐயோ, நில்லுங்க!”

எஃபி அவர் முதுகுப்பையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் சேற்றில் பொத்தென்று உட்கார்ந்தார்கள்.

முர்டோ போர்வையை விலக்கிப் பார்த்தார். பாதையைக் காணோம். ராத்திரிப் புயலில் பாறையோடு சரிந்திருந்தது. காலுக்கு நேர்கீழே கடல் கொதித்துக்கொண்டிருந்தது.

“கோழிக்குத் தீனி போட வந்தப்பதான் பார்த்தேன்” என்றாள் எஃபி, மூச்சு வாங்க. “ஆளைக் கூப்பிட ஓடலாம். அதுக்குள்ள இவங்க வந்துட்டா?”

தாடிக்காரர் சேற்றோடு சேறாக அவளைக் கட்டிக்கொண்டார். எங்களுக்கும் அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தது.

முர்டோ தன் கறுப்பு ஞாயிற்றுக்கிழமைக் கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“இந்த ஓரத்துல கயிறு காலியா இருக்கு” என்றார். “ரெண்டு துணி கிளிப் குடு, எஃபி.”