துடிக்காத வளையல்

வளைகாப்பு முடிந்த கையோடு ஷோபிகாவுக்கு அரசாங்க வளையலும் போட்டாயிற்று. அவளுக்குச் சிகரெட் ஆசை தலைதூக்கினால் போதும், அதன் ஜோடி வளையல் மருத்துவச்சி குணவதியின் மணிக்கட்டில் துடிக்கும். உடனே எச்சரிக்கை அனுப்ப வேண்டும் என்பது உத்தரவு. குணவதி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “மிரட்டினா இன்னும் ரெண்டு இழுப்பா” என்று முணுமுணுத்துவிட்டு, போனைத்தான் எடுப்பாள்.

அன்றும் துடித்தது.

“என்னம்மா, பால்கனியா?”

“ஆமாக்கா. கையில வச்சிருக்கேன், பத்த வைக்கல.” என்றாள் ஷோபிகா. “குழந்தை எடை ஏறலன்னு தெரிஞ்சும் கை போவுதே. நான்லாம் ஒரு அம்மாவா?”

“அம்மாதான். அதனாலதான் பத்த வைக்கல. சரி, எங்க வீட்டுக்காரர் பண்ண கூத்தைக் கேளு. நேத்து மீன் குழம்புல உப்புன்னு நெனச்சு சர்க்கரையைக் கொட்டிட்டார்...”

வளையல் அடங்கும்வரை பேசிவிட்டு, குணவதி அடுத்த பிரசவத்துக்கு ஓடினாள்.

மறுநாள் அவள் பேருந்தில் போகும்போது ஷோபிகாவே போனில் கூப்பிட்டாள். குணவதி பதறிப்போய் மணிக்கட்டைப் பார்த்தாள். வளையல் சும்மா கிடந்தது.

“என்னம்மா, வலி எடுத்துடுச்சா?”

“அதெல்லாம் இல்லக்கா. அந்தக் குழம்பைக் கடைசியில யாரு சாப்பிட்டாங்கன்னு நீங்க சொல்லவே இல்லியே!”