உலகம்மை துவைத்த விரிப்பு

தம்பானூர் லாட்ஜின் பின்புறம் சலவைக்கல்லைப் பிடித்துக்கொண்டு குனிந்து நிற்கிறான் சொரிமுத்து. ஓட்டல் அடுக்களையில் சாம்பார் கொட்டி வெந்த முதுகை இளஞ்சிவப்பாய்ப் புதுத்தோல் மூடியிருக்கிறது. இன்று வேலைக்குப் போகாவிட்டால் வேறு ஆள் வந்துவிடும். ஓட்டல் தந்த பாலியஸ்டர் சட்டை பட்டாலே அலறுகிறான். அதனால், லாட்ஜில் கழித்துப்போட்ட பருத்தி விரிப்பில் ஓர் உள்சட்டை தைத்து வந்திருக்கிறாள் சலவைக்காரி உலகம்மை. தையலெல்லாம் வெளிப்புறம். கஞ்சி இல்லை, நீலம் இல்லை, மூன்று தண்ணீரில் அலசியது. எட்டு வருடம் அவளே அடித்துத் துவைத்த விரிப்பு அது. அந்த அடிக்குக் கல் குழிந்திருக்கிறது. துணி கிழியவில்லை, காலை வெயிலில் அவள் விரல்கள் அதனூடே தெரிகின்றன. அவன் கைகளை நுழைத்தாயிற்று. முதுகுப் பக்கத்தை மட்டும் மேலே படாமல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். அவன் பல்லைக் கடித்துக் கண்களை இறுக மூடுகிறான். அவள் விரல்களைப் பிரிக்கிறாள். துணி முதுகு முழுக்கப் படிகிறது. அவன் இன்னும் கண் திறக்காமல் பல்லைக் கடித்தபடியே காத்து நிற்கிறான்.

“அக்கா, விடுகதுக்கு முன்னால சொல்லணும், கேட்டியா.”

“விட்டுட்டு நான் அடுத்த துணிக்குப் போயாச்சு, சவமே. நிமிந்து சட்டையப் போடு.”